கைகளின் பெயர் எங்கே?

மலை என்றால் பக்தருக்கு மோட்சம், வைத்தியருக்கு மூலிகை, வசதி படைத்தோருக்குக் கோடைவாசம் - உதகையிலே குளிர், கொடைக்கானலிலே படகு! பாட்டாளிக்கு மலை என்றால் என்ன? உடைக்க வேண்டிய கல், சுமக்க வேண்டிய பாரம், அவ்வளவே! அத்தகைய பாட்டாளித் தோழர்கள் பதினொருவர், பங்குனி ஞாயிறு ஒன்றில், கூலிக்காக அல்ல, காண வேண்டும், கற்க வேண்டும் என்ற ஆவலால் ஒரு மலை ஏறினர். நாமும் உடன் சென்றோம். அந்த மலை, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி.

மலை ஏறி இறங்கியதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். ஏறும்போது கால் வலித்தது. இறங்கும்போது நெஞ்சு கனத்தது. கால் வலிக்குத் தைலம் உண்டு. நெஞ்சின் கனத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதன்றி வேறு வழியில்லை.

வந்தவர்கள் யார்? விழுப்புரம் ரயில் சந்திப்பிலே இரும்போடு மல்லுக்கட்டுவோர் நால்வர். திண்டிவனத்திலே மூட்டை சுமப்போர் மூவர். தறி நெய்பவர் ஒருவர். கொத்தனார் ஒருவர். மற்றொருவர் கல் உடைக்கும் தொழிலாளி, ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், 'பெரியவர்' என்றே நாம் அனைவரும் அவரை அழைப்போம். பதினொராவது ஆள், அவருடைய மகன். கல்லூரியிலே படித்து, பட்டம் பெற்று, வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞன்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி, பேருந்திலேயே பெரியவர் நம் காதோடு சொன்னார். "எங்க மனு போட்டாலும் தகப்பன் தொழில் என்னன்னு கேக்குறாங்க தம்பி. இவன் விவசாயம்னு எழுதுறான். எனக்கு ஏது நிலம்? கல் ஒடைக்கிறவன் மகன்னு எழுத அவனுக்குக் கூச்சம்." சொன்னவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி சுமார் நாற்பது கிலோமீட்டர். வழியிலே மண்டகப்பட்டு என்றோர் ஊர். அங்கே ஒரு குன்றைக் குடைந்து கோயில் எடுத்தான் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே. எடுத்ததோடு, பெருமையும் பேசிக் கல்வெட்டும் பொறித்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணச்சாந்து இல்லை; இவை ஏதுமின்றி எழுப்பப்பட்ட கோயில் இது என்பது அந்தக் கல்வெட்டுத் தரும் செய்தி. உண்மைதான், பாராட்டத்தக்க புதுமைதான். ஆனால், தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். செங்கல் இல்லாமல் கட்டலாம். மரம் இல்லாமல் கட்டலாம். கைகள் இல்லாமல் கட்டமுடியுமா? இல்லாத பொருளுக்கெல்லாம் பட்டியல் போட்டது கல்வெட்டு. இருந்த கைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை!

இந்தக் கேள்வியை மடியிலே முடிந்துகொண்டுதான் செஞ்சியிலே இறங்கினோம். திண்டிவனத்துத் தோழர்கள் முந்தி வந்து காத்திருந்தனர்.

இளவேனில் எட்டிப் பார்க்கும் காலம். புங்க மரத்திலே புதுத் தளிர். வேம்பு பூக்கத் தொடங்கியிருந்தது. காலைக் காற்றிலே இதம் இருந்தது. ஆனால் பங்குனி வெயிலை நம்பக்கூடாது. பத்து மணி தாண்டிவிட்டால் செஞ்சிப் பாறை அடுப்பிலேற்றிய தோசைக்கல்! ஆகவே கோட்டை திறக்கும் வேளைக்கே வாயிலில் நின்றோம். தண்ணீர்க் குப்பியும் புளிச்சோற்றுப் பொட்டலமும் கையில்.

செஞ்சியைப் பார்த்திராத தோழர்களுக்காகச் சில சொற்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையிலே, வானத்திலிருந்து யாரோ பாறைகளைக் கூடையோடு கவிழ்த்ததுபோல் குன்றுகள். யாரும் கவிழ்க்கவில்லை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியிலே உறைந்த பாறை இது என்பது புவியியலார் கணிப்பு. மேலே கிடந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் கரைந்துபோக, வெயிலிலே விரிந்து, குளிரிலே சுருங்கி, மழையிலே நனைந்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து, உருண்டை உருண்டையாக நிற்கின்றன. பூதம் அடுக்கியது என்று பாட்டி சொன்ன கதையை விட இந்த உண்மைக் கதை பெரிது, வியப்பும் பெரிது!

மூன்று குன்றுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் முக்கோணமாக வளைத்துப் பிணைக்கும் மதில். அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சில இடங்களிலே அறுபது அடி கனம். அருகே எண்பது அடி அகல அகழி. மூன்றாம் குன்றுக்கு இன்னொரு பெயரும் பழைய ஏடுகளிலே உண்டு - செருப்புத் தைக்கும் மக்களின் பெயரால் வழங்கிய துர்க்கம். ராஜாவுக்கு ஒரு மலை. ராணிக்கு ஒரு மலை என்பார்கள். தோல் தொழிலாளிக்கும் ஒரு மலை வாய்த்ததே என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. வழிகாட்டும் ஏடுகளிலே சந்திரன் பெயர்தான் முன்னே நிற்கிறது.

ஏறத் தொடங்கினோம். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. எண்ணிக்கையிலே சிறிது, ஏறிப் பார்த்தால் தெரியும்! படிகள் ஒரே அளவில்லை. ஒன்று முழங்கால் உயரம். அடுத்தது அரை அடி. அதற்கடுத்தது பாறையிலேயே வெட்டிய பள்ளம். ஒரு வாயில் கடந்தால் இன்னொரு வாயில். ஒரு திருப்பம் தாண்டினால் இன்னொரு திருப்பம். நூறு கிலோ மூட்டையைத் தோளிலேற்றிப் பழகிய திண்டிவனத்துத் தோழர்களே மூச்சு வாங்கினர். மந்திகளோ நம்மைக் கண்டு சிரித்தன! ஒரு மந்தி, தறித் தோழரின் புளிச்சோற்றைப் பறித்துக்கொண்டு மதில்மேல் அமர்ந்து, நம் எதிரிலேயே உண்டது. "வரி வசூல் செய்யுது; இந்தக் கோட்டைக்கு இப்ப அதுதான் ராஜா!" என்றார் கொத்தனார். சிரித்தோம். சிரிப்பிலே பாதிக் களைப்புப் போயிற்று.

பாதி மலையிலே, ஒரு பாறை நிழலிலே உட்கார்ந்தோம். பெரியவர் மட்டும் உட்காரவில்லை. பாறையின் விளிம்பிலே வரிசையாக இருந்த சிறு குழிகளைத் தடவிக்கொண்டிருந்தார். கண் தெரியாதவர் உறவினர் முகத்தைத் தடவுவதுபோல் தடவினார்.

"இது என்னன்னு தெரியுதா தம்பி?" என்றார்.

தெரியவில்லை என்றோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதிலே நமக்கு வெட்கமில்லை.

"ஆப்புக் குழி. கல்லைப் பிளக்கணும்னா முதல்ல அது எந்தப் பக்கம் பிளக்கும்னு பாக்கணும். சம்மட்டியால தட்டிச் சத்தம் கேப்போம். கேட்டுட்டு, உளியால ஒரே கோட்டுல குழி எடுக்கணும். குழிக்குக் குழி ஒரே ஆழம். அதுல ஆப்பு எறக்கி, ஒண்ணையே அடிக்காம, இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சிக்கிட்டே போகணும். அவசரப்பட்டா கல்லு கோணிக்கும். பொறுமையா அடிச்சா, ஒரு நேரத்துல 'விண்'ணுன்னு சத்தம் மாறும். அப்ப கல்லு சம்மதிச்சிடிச்சின்னு அர்த்தம்."

காய்ந்த மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றி, மரம் ஊதும் பலத்தாலே கல் பிளக்கும் முறையும் உண்டு என்றார். நெருப்பு மூட்டிச் சூடேற்றித் தண்ணீர் தெளித்துப் பிளக்கும் முறையும் சொன்னார். எத்தனை ஞானம்! எந்தப் பல்கலைக்கழகம் தந்த பட்டம் இது? பிறகு, ஒரு குழியைச் சுட்டிக் காட்டினார். மற்றக் குழிகள் நேர்கோட்டிலே. அது மட்டும் அரை விரல் விலகி.

"இவன் புதுசு. கத்துக்குட்டி. பக்கத்துல நின்னவன் திட்டியிருப்பான்" என்று சிரித்தார். "எங்கப்பாவும் என்னை அப்படித்தான் திட்டுவாரு."

தோழர்களே! அந்த நொடியிலேதான் கோட்டை நம் கண்முன் உயிர்பெற்றது. மன்னர் கதை கேட்டோம், உயிர் வரவில்லை. மாளிகை பார்த்தோம், உயிர் வரவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன், இதே பாறையிலே, இதே வெயிலிலே, உளி பிடிக்கத் தெரியாத ஒரு சிறுவன் குழியை விலக்கி அடித்தான், வசவு வாங்கினான். அவன் பெயர் தெரியாது. அவன் செய்த பிழை மட்டும் இருக்கிறது. அந்தப் பிழையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், எழுதப் படிக்கத் தடுமாறும் நம் பெரியவர்!

மகன் எழுந்து வந்தான். ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழியிலே தன் விரலை வைத்துப் பார்த்தான்.

மேலே ஏறினோம். உச்சியை நெருங்கும் இடத்திலே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம். 60 அடி ஆழம். அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம். போர்க்காலத்திலே பாலத்தை எடுத்துவிட்டால், நாலே பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம். பாலம் கடந்து உச்சி சேர்ந்தோம். களஞ்சியம், கோயில், மணிக்கூண்டு, ஒரு பழைய இரும்புப் பீரங்கி. கீழே பார்த்தால், ஏரிகள் கண்ணாடித் துண்டுகள். வயல்கள் பச்சைப் பாய். சாலையிலே பேருந்து ஒரு தீப்பெட்டி. அடிவாரத்திலே கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரம். அங்கே மதிலுக்கு வெளியே இருந்த குளத்து நீரைச் சுடுமண் குழாய்களிலே கொண்டுவந்தார்களாம். தண்ணீர் வந்தது ராணிக்கு. குழாய் வந்தது குயவர் சூளையிலிருந்து!

கணக்குப் போட்டோம். இந்த உச்சிக்குக் கல் வந்தது எப்படி? பீரங்கி வந்தது எப்படி? நெல் மூட்டை வந்தது எப்படி? வெறுங்கையோடு ஏறிய நமக்கே நாக்கு வறண்டது. சுண்ணாம்பு சுட்டவர், மண் வெட்டியவர், கல் பிளந்தவர், பளு தூக்கியவர், வடம் இழுத்தவர்... எத்தனை ஆயிரம் முதுகுகள்! எத்தனை ஆயிரம் முழங்கால்கள்!

இனி, கோட்டையை ஆண்டவர்கள் கதை. அந்தப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை! ஆயர் குலத்து ஆனந்தக் கோன் 1200ஆம் ஆண்டையொட்டி அரண் அமைத்தான் என்பது மரபு. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் வந்தனர், பெருக்கிக் கட்டினர். 1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை. 1677இல் சிவாஜி. 1698இல் மொகலாயர். 1714இல் ஆற்காட்டு நவாபு. 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர். வந்தவர் ஒவ்வொருவரும் செய்த முதல் வேலை என்ன? பெயர் மாற்றுவது! பிஜப்பூரார் 'பாதுஷாபாத்' என்றனர். மராத்தியர் 'சிந்தி' என்றனர். மொகலாயர் 'நுஸ்ரத்கட்' என்றனர். வெள்ளையர் 'ஜிஞ்சி' என்றனர். நம் மக்களோ, மாடு ஓட்டிக்கொண்டும் நாற்று நட்டுக்கொண்டும் 'செஞ்சி' என்றே சொல்லி வந்தனர். இன்று நிலைத்திருப்பது எது? பாதுஷா வைத்த பெயரா? பாமரன் சொன்ன பெயரா?

இன்னொரு படிப்பினையும் உண்டு. மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இலே முற்றுகையிட்டான். கோட்டை விழ எட்டு ஆண்டாயிற்று. அதே கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750இலே ஓரிரவுத் தாக்குதலில் பிடித்தான். கல் அதே கல். மதில் அதே மதில். அகழியும் அதே அகழி. மாறியது என்ன? உள்ளே நின்ற மனிதரின் உறுதி! கோட்டை காப்பது கல்லல்ல. காவல் நிற்பவன் நெஞ்சு. இயக்கம் நடத்தும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏட்டிலே கிடைக்குமா?

தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பாக்கிக் கப்பம் கேட்ட நவாபுக்கு அடிபணிய மறுத்து, சிறு படையோடு பெரும்படைமீது பாய்ந்து, 1714 அக்டோபரிலே மடிந்தான். கதைப்பாட்டிலே அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்கான், மதத்தால் முஸ்லிம். மணக்கோலத்திலே இருந்தவன், நண்பனுக்காகக் களம் சென்று உயிர் தந்தான் என்பது பாட்டு. மதத்தின் பேரால் மனிதரைப் பிரிக்க நினைப்போர் செஞ்சிக்கு வந்து அந்தக் கதையைக் கேட்கட்டும்! தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்கிறார்கள். அதை வீரமென்று நம்மால் போற்ற முடியாது. கணவன் களத்திலே மடிந்தது வீரம். காரிகை நெருப்பிலே கருகியது கொடுமை. இரண்டையும் ஒரே தட்டிலே வைத்துப் புகழும் பழக்கம் ஒழியவேண்டும்.

தேசிங்குக்குப் பாட்டு உண்டு. அவன் குதிரைக்கும் பாட்டிலே பெயர் உண்டு! குதிரை ஏறிய படியை வெட்டியவனுக்கு?

இங்கேதான் இன்றைய விவகாரம் வருகிறது. 2025 சூலையிலே யுனெஸ்கோ மன்றம் செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மகிழ்ச்சி! ஆனால், எந்தப் பெயரிலே? 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பிலே, பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக. பதினொன்று மகாராட்டிரத்திலே; பன்னிரண்டாவது நம் செஞ்சி. மராத்தியர் இங்கே கோலோச்சியது 1677 முதல் 1698 வரை, இருபத்தோரு ஆண்டு. அவர்களும் கோட்டையை வலுப்படுத்தினர். அதை நாம் மறைக்கவில்லை. மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். பட்டியலுக்கு ஒரு தலைப்புத் தேவை என்பதும் புரிகிறது. ஆனால் முன்னும் பின்னுமாகப் பல நூற்றாண்டு வாழ்ந்த கோட்டையை, இருபத்தோரு ஆண்டுச் சட்டைக்குள் திணித்தால் பொத்தான் தெறிக்காதா? பெருமை வருக; பொருத்தமான விளக்கமும் உடன் வருக என்கிறோம்.

அதனினும் பெரிய குறை மற்றொன்று. மராத்தியன் பெயருக்குப் பதில் நாயக்கன் பெயரை எழுது என்று கேட்பதோடு நின்றால், நாமும் ராஜாக்களின் வழக்கறிஞர்களாகத்தான் ஆவோம். ஆனந்தகிரி என்றிருந்த மலை ராஜகிரி ஆனது. இன்னும் எத்தனை கிரி ஆனாலும் கல் வெட்டியவனுக்கு என்ன லாபம்? நாம் கேட்பது வேறு. கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அத்துறையினருக்கும், தமிழக அரசுக்கும் சொல்கிறோம்: மலையடிவாரத்திலே நல்ல தமிழிலே ஒரு பலகை வையுங்கள். கல் பிளந்தது எப்படி, சுண்ணாம்பு அரைத்தது எப்படி, குழாயிலே நீர் ஏறியது எப்படி என்று படம் போட்டு எழுதுங்கள். பெரியவர் காட்டிய ஆப்புக் குழிகளுக்கு அருகே ஒரு குறிப்பு வையுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். ஏறுவோருக்குக் குடிநீரும் நிழலும் குறைவறக் கிடைக்கட்டும். மலையைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண்களுக்கு முறையான கூலி கிடைக்கட்டும். அன்று கட்டியவனை மறந்தோம். இன்று பெருக்குபவளையாவது மறக்காதிருப்போம்!

தோழர்களுக்கும் ஒரு சொல். புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்கிறீர்கள். காந்தியார் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்ற தூண்கள். அடுத்தமுறை அவற்றைத் தொட்டுப் பாருங்கள். செதுக்கியவன் நம்மவன், பெயர்த்துச் சுமந்த தோளும் நம்மவன் தோளாகத்தான் இருந்திருக்கும்! ஒரு ஞாயிறு, குடும்பத்தோடு ராஜகிரி ஏறுங்கள். விடிந்தவுடன் ஏறி, வெயில் முற்றுமுன் இறங்குங்கள். பாறையிலே பெயர் கிறுக்காதீர்கள். கட்டியவனே தன் பெயரை எழுதிக்கொள்ளாத மலையிலே, சுற்றிப் பார்க்க வந்த நமக்கு என்ன உரிமை?

இறங்கும்போது பெரியவருக்கு முழங்கால் நடுங்கிற்று. மகன் முன்னே இறங்கி, ஒவ்வொரு படியிலும் திரும்பி நின்று கை கொடுத்தான். காய்ப்பேறிய கை, காய்ப்பில்லாத கை. இரண்டும் பிடித்தபடி இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தோம்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் நம் அலுவலகம் வந்தார். மகன் புதிதாக ஒரு மனுப் போட்டிருக்கிறானாம்.

"என்ன எழுதினான்?" என்று கேட்டோம்.

"கல் ஒடைக்கிறவர்னு எழுதினான் தம்பி. 'விவசாயம்னே எழுதேண்டா'ன்னு நான்தான் சொன்னேன். கேக்கல."

வேலை கிடைத்ததா என்பது பிறகு தெரியும். ஆனால் ஒரு தாளிலே, ஒரு கட்டத்திலே, இரண்டு கைகளின் பெயர் ஏறிவிட்டது. மண்டகப்பட்டுக் கல்வெட்டிலே விடுபட்டது, ராஜகிரியிலே விடுபட்டது, ஒரு மகனின் மனுவிலே எழுதப்பட்டுவிட்டது. பலகையிலும் எழுதப்படும் நாள் வரும். வரவைப்போம்!